பாதி திறந்த கதவு



இந்த முறை நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் நம் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிப் பல வருடமாகிறது. தாங்கலிலிருந்து இனிமம் கொண்டுபோனபோது கதவு பாதிதான் திறந்தது. உள்ளே பழைய பேப்பர், தி.நகர் ஜவுளிக்கடைப் பைகள், கழுவிக் காயவைத்த பால் கவர்கள், மூடியில்லாத டப்பாக்கள் என்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க மட்டும் இடம். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பேப்பர்க் கட்டு.

அக்கா சுவாமிதோப்புக்குத் தைத் திருவிழாவுக்குப் போன சமயம், அவர் மகனும் நானும் நாலு பையன்களும் சேர்ந்து வீட்டைக் காலி செய்தோம். குட்டியானை வண்டியில் இரண்டு நடை. தரையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். பெரிய தர்மம் செய்ததாக எனக்குள் பெருமை.

திரும்பி வந்த அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பேப்பர்க் கட்டுக்கு நடுவில் கணவர் கையால் எழுதிய மளிகைச் சீட்டுகள் இருந்தனவாம். எட்டு மாதத்தில் வீடு மறுபடி நிறைந்தது. இந்த முறை என்னை உள்ளேயே விடவில்லை.

அதைப் பேராசை என்று நினைத்தது என் பிழை. பேராசைக்காரன் பொன்னைச் சேர்ப்பான். பால் கவரை யார் ஆசைப்பட்டுச் சேர்ப்பார்? அதை விட்டால் எதையோ இழந்துவிடுவோம் என்ற பயம் அது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் இதைத் தனி நோயாகவே தங்கள் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள்.

நம் அம்மாமார் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டதில்லை. அதில் மிளகு இருக்கும், புளி இருக்கும். அது சிக்கனம். பாட்டிலுக்கு இடம்விட்டு மனிதர் ஒதுங்கிப் படுக்கும் நிலை வந்தால்தான் ஆபத்து. வீட்டுக்கு வந்தவருக்கு ஓர் இலை போட இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆபத்து என்றால் எலியும் கரப்பானும் மட்டுமில்லை. பழைய டப்பாவில் தேங்கும் மழைத்தண்ணீரில் டெங்கு கொசு வளரும். தீப்பொறி விழுந்தால் ஓட வழி இருக்காது. 1947இல் நியூயார்க் நகரில் காலியர் என்ற அண்ணன் தம்பி இறந்த கதை இதுதான். அண்ணனுக்குக் கண் தெரியாது, நடக்கவும் முடியாது. தம்பிதான் சாப்பாடு கொடுத்தார். தாமே குவித்த பொருள்கள் சரிந்து தம்பி மாண்டார். சோறு கொடுக்க ஆளின்றி அண்ணனும் போனார். தம்பியின் உடல் அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வீட்டிலிருந்து அள்ளியது நூறு டன்னுக்கும் அதிகம்.

நம் ஊரிலும் பார்த்தோமே. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோது, சாமானை விட்டு எப்படி வருவது என்று மாடிப்படியில் தயங்கி நின்றவர்களிடம் நானே கெஞ்சியிருக்கிறேன். தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையும் புத்தகமும் ஃபிரிட்ஜும் தெரு நெடுகக் கிடந்தன.

அப்படியானால் பிறர் பொருளை அவர் இல்லாதபோது அள்ளி எறியலாமா? நல்லது நினைத்துச் செய்தாலும் கூடாது என்றே இப்போது எண்ணுகிறேன். பயத்தோடு இருப்பவரிடமிருந்து பிடுங்கினால் பயம்தான் கூடும். பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான். சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்கிறேன். கையில் துடைப்பமும் மனதில் பெருமையுமாக நின்ற ஆள்தான் அதில் தெரிகிறான். (என் வீட்டுப் பரணில் முப்பது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் கிடப்பதை என் மனைவி இங்கே எழுதச் சொல்கிறாள்.)

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கோபிக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அக்காவின் மகன் அதில் பேசித்தான் மருத்துவரிடம் அழைத்துப்போனார்.

மன்னிப்புக் கேட்டு நானும் மறுபடி போகத் தொடங்கினேன். ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து போவேன். ஒரு நாளைக்கு ஒரு பை. எது போகலாம் என்று அக்காதான் சொல்வார். சில ஞாயிறு பையை நிரப்பிவிட்டு அவரே திரும்பக் கொட்டிவிடுவார். நான் பேசாமல் டீ குடித்துவிட்டு வருவேன். போன வாரம் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்களைத் தாங்கல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணவரின் குடையைக் கேட்காதே என்றார். நான் கேட்கவில்லை. கதவு இப்போது முக்கால்வாசி திறக்கிறது.