அந்த 1,850 கிலோமீட்டர் உன் பாடம்

"லாரி ஆபீஸ்ல உட்கார்றதுக்கு எதுக்குடா டிகிரி?"

போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை படிக்கிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வி உன்னைத் துரத்துகிறது. கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்காமலே சிரிக்கிறான். நீயும் "இதுதான் கிடைச்சுது" என்று முனகிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். அந்த முனகலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரியாது. கையில் எடுத்திருப்பது என்னவென்று உனக்குத் தெரிய வேண்டாமா?

2021 ஏப்ரலை நினைத்துப் பார். கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற மாதம். நாட்டில் ஆக்சிஜனே இல்லை என்று பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால், இருந்ததும் போய்ச் சேரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிற உண்மை. ஒடிசா, ஜார்க்கண்ட், விசாகப்பட்டினம் என்று கிழக்கே இரும்பு ஆலைகளில் திரவ ஆக்சிஜன் இருந்தது. மூச்சுக்குத் தவித்தவர்கள் டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் கிடந்தார்கள். மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டிய அந்தத் திரவத்தைச் சுமக்கும் டேங்கர்கள் போதவில்லை. இருந்த டேங்கர்களுக்கும் சாலை வழி நெடுந்தூரம்.

ரயிலில் ஏற்றிவிடலாமே என்று சொல்வது சுலபம். டேங்கர் லாரியை அப்படியே தட்டை வேகனில் ஏற்றினால் மொத்த உயரம் எவ்வளவு வரும்? தலைக்கு மேல் மின்கம்பி, குறுக்கே பாலங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள டேங்கர் வகைதான் ஒத்துவரும் என்று முடிவானது. ஏப்ரல் 19 அன்று மும்பையை அடுத்த களம்போலியிலிருந்து 7 காலி டேங்கர்களோடு முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டது. நேர் வழியில் மலைப்பாதை, அந்த உயரம் அங்கே நுழையாது. அதனால் வசாய், சூரத், பூசாவல், நாக்பூர் என்று சுற்றிக்கொண்டு போனது. 1,850 கிலோமீட்டர், சுமார் 50 மணி நேரம். நிரப்பிக்கொண்டு திரும்பி நாக்பூரிலும் நாசிக்கிலும் இறக்கினார்கள்.

மருத்துவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். அவர்கள் கைக்கு அந்த ஆக்சிஜன் வந்து சேர, வேகனின் உயரமும் பாலத்தின் உயரமும் தெரிந்த யாரோ சிலர் வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்திருந்ததைத்தான் நீ படிக்கிறாய். இதற்கா தலை குனிகிறாய்?

கணக்கு வராது, அதனால் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். தவறான வாசலில் நுழைந்திருக்கிறாய் தம்பி. இங்கேதான் கணக்கு உயிரோடு இருக்கிறது! ஒரு வண்டி, 15 கடைகள். எந்தக் கடைக்கு முதலில் போவது, எதற்கு அடுத்து? சாத்தியமான வரிசைகள் 1,30,000 கோடிக்கும் மேல். பழகிய டிரைவர் தன் அனுபவத்தில் நல்ல வழி ஒன்றைப் பிடித்துவிடுவார், அந்த அனுபவத்தைக் கும்பிட்டுக்கொள். ஆனால் கடைகள் 40 ஆகி, காலை 10 மணிக்கு மேல் கனரக வண்டிக்கு அனுமதி இல்லாத தெரு நாலு குறுக்கே வந்தால், அனுபவத்தோடு கணிதமும் கைகோக்க வேண்டும். 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல், 20 நிமிடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை யோசித்து முடித்தார் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகாதே. நின்று, போட்டுப் பார்.

"படிக்காதவங்கதான் இந்தத் தொழில்ல ஜெயிச்சிருக்காங்க" என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. இன்றைய கன்டெய்னர் யுகத்தைத் தொடங்கிவைத்த மால்கம் மெக்லீன், அமெரிக்காவின் வட கரோலினாவில் லாரி ஓட்டியவர். கல்லூரிப் பக்கம் போகாதவர். பஞ்சுப் பொதிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு துறைமுகத்தில் காத்துக் கிடந்தவர். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு 5.86 டாலர் ஆன ஏற்றுக் கூலி 16 சென்டாக விழுந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கும் மூலைப் பூட்டை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். லாரிக்காரரின் எரிச்சலும் பொறியாளரின் படிப்பும் சேர்ந்த பிறகுதான் உலக வணிகம் மாறியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்? சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரிக்காரர் வீட்டில் பிறந்து இந்தப் படிப்புக்கு வந்திருக்கிற உன்னைத்தான் கேட்கிறேன்!

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "ஹார்பர் வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்பார்கள். கப்பலில் எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தோள் வலிமை இல்லை, திரைக்கு முன்னால் இருக்கிற மூளை. கனமான பெட்டி அடியில் போக வேண்டும். ஆனால் முதலில் இறங்க வேண்டியதே கனமானதாக இருந்தால்? குளிரூட்டிய பெட்டிக்கு மின் இணைப்பு இருக்கிற இடம்தான் வேண்டும். தீப்பற்றும் சரக்கையும் ஒத்துப்போகாத ரசாயனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒன்று பிசகினால் அடுத்த துறைமுகத்தில் நூறு பெட்டியை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டிவரும், இல்லை கப்பலே சாயும். அந்த நாற்காலியில் போய் உட்கார். தாய்க்கப்பலுக்கு மாற வேண்டிய நம் பெட்டிகளில் பெரும்பங்கு இத்தனை காலம் கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறியது. இப்போது கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கே தாய்க்கப்பல்கள் வருகின்றன. நாற்காலிகள் நம் கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் கடல்சார் பல்கலைக்கழகம் வந்தது. வதோதராவில் கதிசக்தி பல்கலைக்கழகம் 2022இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. அதே ஆண்டு தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையும் வந்துவிட்டது. கதவு திறந்தாகிவிட்டது. நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? இன்டர்ன்ஷிப்புக்குப் போகாமலே தெரிந்தவரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி ஒட்டுகிறாயா? சீனியரின் புராஜெக்டில் பெயரை மாற்றுகிறாயா? ஊர் உன்னைக் கேலி செய்வதைவிட நூறு மடங்கு பெரிய அவமானம் இது, நீயே உனக்குச் செய்துகொள்வது! முதல் வேலை கிடங்கில் இரவு ஷிப்டாக இருக்கலாம். சம்பளம் சின்னதாக இருக்கலாம். போ. பெட்டியின் சீல் நம்பரைச் சரிபார். இ-வே பில்லில் ஒரு எழுத்து தப்பினால் வண்டி எங்கே நிற்கும் என்று உன் கண்ணால் பார்.

வடக்கே சரக்கை இறக்கிவிட்டு, ரிட்டன் லோடு கிடைக்காமல் லாரி நிழலில் ஸ்டவ் மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்களே நம் டிரைவர்கள், அதற்கு உன் படிப்பு பதில் சொல்லியாக வேண்டும். வண்டி நிற்கிறது, ஃபைனான்ஸ் டியூ நிற்பதில்லை. இந்த விடுமுறையில் அப்பாவின் டிரிப் நோட்டை எடு. அப்பா லாரிக்காரர் இல்லையென்றால் ஊரிலுள்ள ஒரு புக்கிங் ஆபீஸில் போய், "அண்ணே, கொஞ்சம் நோட்டைப் பார்க்கலாமா?" என்று கேள், கேட்கிற விதத்தில் கேட்டால் தருவார்கள். லோடோடு எத்தனை கிலோமீட்டர், காலியாக எத்தனை, ஹால்டிங் எத்தனை நாள், அந்த நாட்களில் அதே ஊரிலிருந்து தெற்கே வர எந்தச் சரக்கு காத்திருந்தது என்று வரிசையாக எழுது. எழுதியதைக் கொண்டுபோய் ஆசிரியர் மேஜையில் வைத்து, இதுதான் சார் என் புராஜெக்ட் என்று சொல்.