ஆளில்லா வீட்டின் கணப்பு

வீடு என்பது காற்றும் மழையும் வெப்பமும் விளைக்கும் அழிவைத் தடுக்கும் காப்பு என்னும் வரையறையை 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் எடுத்துக்காட்டும் அரிஸ்டாட்டில், கல்லும் செங்கல்லும் மரமும் அதன் பருப்பொருள் மட்டுமே என்று பிரித்துரைக்கிறார். ஆயினும் குளிர்நாடுகளில் குடியிருப்போர் நீங்கிய வீடொன்று கணப்பின்றிப் பனிக்காலத்தைக் கடக்கையில் இவ்வரையறை இடறுகிறது. குழாயில் தேங்கிய நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால், பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தம் உயர்ந்து உலோகத்தையே பிளக்கிறது. அப்பிளவோ பனி உருகி நீர் பெருகும்வரை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே உரிமையாளர் குழாய்நீரை வடித்துவிட வேண்டும், இல்லையேல் எவருமற்ற அறைகளுக்கு வெப்பமூட்ட வேண்டும். பின்னதில் காப்பதும் காக்கப்படுவதும் இடம் மாறிவிடுகின்றன. பழங்கிரேக்கருக்கு இது வியப்பளித்திராது. வீட்டின் கணப்பையும் அதற்குரிய பெண்தெய்வத்தையும் அவர்கள் 'ஹெஸ்டியா' என்னும் ஒரே சொல்லால் சுட்டினர். பெற்றிருந்தும் செயற்படுத்தாத அறிவை உறக்கத்தோடு ஒப்பிடும் அரிஸ்டாட்டிலின் நோக்கில், நீர் வடிக்கப்பட்டுப் பூட்டிய வீடு உறங்குகிறது எனலாம். குழாய் வெடித்துத் தளமும் சுவரும் ஊறிப்போன வீட்டுக்கு அவ்வுறக்கமும் வாய்ப்பதில்லை, அங்கு எஞ்சுவது கல்லும் மரமும்தான்.