விதிப்படி நடந்தவர்கள்

சட்டத்திற்குக் கீழ்ப்படிந்து ஒருவர் செய்த தீங்கு, சட்டத்தின் தீங்கா, அவருடைய தீங்கா? தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களைப் பற்றிப் படிக்குந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுகின்றது.

அந்நாட்டில் 1950-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மக்கள் பதிவுச் சட்டம் 1991 வரை நடப்பில் இருந்தது. ஒவ்வொருவரும் இன்ன இனத்தார் என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்பட்டனர். வாழும் இடம், கற்கும் பள்ளி, மணக்கும் துணை யாவும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமைந்தன. தோற்றமும் ஊரார் ஏற்புமே அளவுகோல்கள். தலைமயிரில் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகின்றதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த அலுவலரும் இருந்தனர்!

சாண்ட்ரா லேங் என்னும் சிறுமியின் பெற்றோர் இருவரும் வெள்ளையர். அவளோ கருநிறமும் சுருண்ட கூந்தலும் உடையவள். 1966-ஆம் ஆண்டு, பத்து வயதில், வெள்ளையர் பள்ளியினின்றும் வெளியேற்றப்பட்டாள். காவலர் வந்து அவளை வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். 'கலப்பினத்தாள்' என்று அவளது பதிவும் மாற்றப்பட்டது.

பல்லாண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடிக்க எவ்வளவு நேரமாகும்? அப்பள்ளியிலும் யாரோ ஓர் ஆசிரியர் அப்பெயரை அடித்திருப்பார். அவர் கொடியவராக இருந்திருக்க வேண்டுவதில்லை. விதிப்படி நடந்தவர், அவ்வளவே. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கும் விதிக்கு அடங்குதலே முதற்பாடம். அதனையே நானும் மாணவர்க்குக் கற்பித்தேன் என்பதை எண்ண இன்று சற்றே கூச்சமாக உள்ளது.

மறுத்தவர்களும் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வி வகுக்கப்படுவதை எதிர்த்த எழுத்தாளர் எஸ்கியா ம்பாலேலே, 1952-இல் ஆசிரியப் பணியினின்றும் நீக்கப்பட்டார். எல்லாரும் அவரைப் போல் துணிந்திருக்க வேண்டும் என்று கூற எனக்கு வாய் வரவில்லை. குடும்பம் உடையவர்க்கு வேலை இழப்பு எளிதன்று. ஆயினும், "அஞ்சிப் பணிந்தேன்" என்பது வேறு. "சட்டம் சொன்னது, எனக்கு அதில் பங்கில்லை" என்பது வேறு. முன்னதில் தன் செயலைத் தன்னுடையதென ஏற்கும் நேர்மையேனும் உள்ளது. பின்னதில் அதுவும் இல்லை.

1967-இல் சட்டம் திருத்தப்பட்டது. வெள்ளையர் இருவர்க்குப் பிறந்த பிள்ளை வெள்ளையரே என்றாயிற்று. சாண்ட்ராவின் பதிவும் மீண்டும் மாறியது. எனினும் வெள்ளையர் அவளைத் தம்முடன் சேர்க்காமல் விலகியே நின்றனர். அப்பொழுது அவளை விலக்குமாறு எந்தச் சட்டமும் அவர்களைப் பணிக்கவில்லை.