நம்பி ஒப்படைத்த பொருள்

அப்பா அன்றைக்கு அரை நாள் லீவு போட்டார். ஈபிஎப் அலுவலகத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெருவிரல் ரேகை வைத்துத் தன் கணக்குக்குள் போகும் வழியைத் திரும்ப வாங்கினார். அடுத்து வங்கி. அங்கேயும் நம்பர், அங்கேயும் காத்திருப்பு. லாரி ஓட்டுகிறவருக்கு ஓட்டம் இல்லையென்றால் காசு இல்லை. இத்தனைக்கும் அவர் எதையும் மறக்கவில்லை, எதையும் தொலைக்கவில்லை. தொலைத்தது நான்.

நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். படிப்பது ஜொகூரில், வீடு கிள்ளானில். இரண்டாம் ஆண்டில் படித்ததை வீட்டில் காட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. எங்கள் வீட்டில் பாஸ்வர்டுகள் எல்லாம் காலண்டர் பின்பக்கத்திலும் அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டிலும்தான் இருந்தன. ராஸ்பெர்ரி பை என்னும் கையளவு கணினி ஒன்றை வாங்கி, அதில் வால்ட்வார்டன் என்ற கடவுச்சொல் காப்பகத்தை நிறுவினேன். இலவச மென்பொருள். நம் வீட்டுக் கணினியிலேயே ஓடும். எந்த நிறுவனத்துக்கும் மாதக் கட்டணம் கிடையாது.

"நம்ம ரகசியத்தை ஏன் வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட கொடுக்கணும்? நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். அம்மா சேர்ந்தார், தங்கச்சி சேர்ந்தாள். அப்பா மட்டும் கொஞ்ச நாள் யோசித்து, ஜூன் மாதம் சேர்ந்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார். பிறகு காலண்டரில் எழுதி வைத்ததைக் கிழித்துப் போட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் இடி. வீட்டில் கரண்ட் போய் வந்தது. பை எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்த மெமரி கார்டு படிக்க முடியாமல் போய்விட்டது. எனக்குப் பதற்றமில்லை. ராத்திரிதோறும் ஒரு நகல் பென்டிரைவில் பதிவாகும்படி செய்து வைத்திருந்தேனே!

பென்டிரைவைத் திறந்து பார்த்தால், கடைசி நகல் மார்ச் மாதத்தது. மார்ச்சில் நான் ஒரு கோப்புறையின் பெயரை மாற்றியிருந்தேன். அன்றிலிருந்து நகலெடுக்கும் வேலை ஒவ்வொரு ராத்திரியும் தோற்றுப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அது எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவும் தங்கச்சியும் தப்பித்தார்கள். அந்தச் செயலி, பூட்டிய நகல் ஒன்றைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளும். இருவரும் ஒருநாளும் லாக் அவுட் செய்ததில்லை. அதற்காக நான் அவர்களைத் திட்டியும் இருக்கிறேன். அப்பாதான் நான் சொன்னபடி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக லாக் அவுட் செய்தார். லாக் அவுட் செய்தால் கைப்பேசியில் இருக்கும் நகலும் போய்விடும். என் பேச்சைக் கேட்டவருக்குத்தான் நஷ்டம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடே இருக்கிறது. ஒருவர் நம்மை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்தால், அதைத் திருடனிடமிருந்து காப்பது மட்டும்தான் நம் கடமையா? நம்மிடமிருந்தே அதைக் காப்பாற்றுவது யார் கடமை?

அடைக்கலப் பொருளுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று, அது பிறர் கைக்குப் போகக் கூடாது. இரண்டு, அது அழியக் கூடாது. சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒரே ஒரு நகல் வைத்தால் ரகசியம் பத்திரம், ஆனால் ஒரு இடி போதும். பத்து இடத்தில் நகல் வைத்தால் இடிக்குப் பயமில்லை, ஆனால் திருடனுக்குப் பத்து கதவு. நான் முதல் கடமையை மட்டும் பார்த்தேன். அதில் என் பெருமையும் கலந்திருந்தது. "எல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையா?

இரண்டாவது கடமையை எங்கள் குடும்பம் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். சின்னம்மா வீடும் அங்கேதான். வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் போய்ச் சேற்றை அள்ளினோம். பீரோவில் இருந்த வீட்டுப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், தம்பியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரே கூழாகிக் கிடந்தன. நகல்களும் அதே பீரோவின் அடுத்த தட்டில்தான் இருந்தன. அன்று அப்பா சொன்னார்: "ஒரிஜினலும் காப்பியும் ஒரே வீட்டில இருந்தா அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்."

அதே ஆண்டு மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுதாக எரிந்தது. சில வாடிக்கையாளர்களுக்கு மூலமும் போயிற்று, காப்பு நகலும் போயிற்று. இரண்டும் அதே வளாகத்தில் இருந்தன. இதையெல்லாம் நான் வகுப்பில் படித்தவன். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வெளியூரில் என்னும் 3-2-1 விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். அப்படியிருந்தும் பென்டிரைவை அந்தப் பையிலேயே செருகி வைத்தேன். படித்தது வேறு, உணர்வது வேறு.

சரி, வெளியூரில் ஒரு நகல் வேண்டும். அதற்கு எளிய வழி கிளவுட். அதாவது, நான் எந்த நிறுவனங்களை நம்பக் கூடாது என்று வீட்டில் பிரசங்கம் செய்தேனோ, அவர்களிடமே போக வேண்டும். விடுதியில் என் அறை நண்பன் விடவில்லை. "கடைசில நீயும் கம்பெனிகிட்டதானே போற? அப்புறம் எதுக்குடா இவ்வளவு சீன்?"

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் எங்கள் தாமான் கோவிலில் இருந்தது. அங்கே உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று பொருளாளரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்: "ஏன்பா, தலைவரை நம்ப மாட்டாங்களா?" அப்பா சொன்னார்: "நம்புறாங்க. நாளைக்கு அவர் மேல யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் ரெண்டு பூட்டு."

பெட்டியைக் கொடுப்பது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு. இப்போது என் ஏற்பாடு இதுதான். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் எஸ்க்யூலைட்டின் சொந்த நகல் கட்டளையைக் கொண்டு முதலில் முழுமையான ஒரு நகல் எடுக்கிறேன். அதை ரெஸ்டிக் என்ற மென்பொருள் என் வீட்டிலேயே குறியாக்கம் செய்து, அதாவது பூட்டி, அதன் பிறகுதான் கிளவுட்டுக்கு அனுப்புகிறது. நிறுவனத்திடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். உள்ளே இருப்பதோ இன்னும் சில பெட்டிகள். வால்ட்வார்டனில் ஒவ்வொருவரின் ரகசியமும் அவரவர் முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கணினியை நடத்துகிற நான்கூட அப்பாவின் பெட்டியைத் திறக்க முடியாது. எங்கள் குடும்பப் பெட்டி மொத்தமே சில மெகாபைட்தான். முதல் 10 ஜிபி இலவசம் என்பதால் மாதம் ஒரு சென்கூடச் செலவில்லை.

ஆனால் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். திருடர்கள் எடுத்துப் போனது, கிளவுட்டில் வைத்திருந்த காப்பு நகல்களைத்தான். கடவுச்சொற்கள் பூட்டியே இருந்தன. ஆனால் எந்தெந்த இணையத்தளம் என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. பூட்டிய பெட்டியை ஒருவன் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டால், அவன் ஆயிரம் சாவியை ஆற அமரப் போட்டுப் பார்க்கலாம். பாஸ்வர்டை மாற்றினாலும் அவன் கையில் இருக்கும் பழைய பெட்டிக்குப் பழைய சாவிதான். வெளியே போன நகலைத் திரும்ப வாங்க முடியாது.

அப்படியென்றால் என் பூட்டு மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. கடைசியில் எல்லாம் அம்மாவின் கடவுச்சொல்லில் வந்து நிற்கிறது. அம்மா வைத்திருந்தது தங்கச்சியின் பிறந்தநாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவோடு உட்கார்ந்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைக் கோத்தோம். அம்மா இரண்டு நாள் சமைக்கும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். "சத்தமா சொல்லாதீங்கம்மா" என்று தங்கச்சி சிரித்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு ஓட்டை தெரிந்தது. கிளவுட் கணக்கின் பாஸ்வர்டை நான் எங்கே வைத்திருந்தேன்? அதே காப்பகத்துக்குள்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அதைவிடப் பெரிய ஓட்டை நானே. ஜொகூருக்கும் கிள்ளானுக்கும் மோட்டாரில் போய்வருகிறவன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அம்மா கையில் புது கைப்பேசி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மகனையும் இழந்து, வங்கிக் கணக்குக்கும் அலைய வேண்டுமா? இப்படி எழுதுவது அபசகுனம் என்று அம்மா கோபித்துக்கொள்வார். ஆனால் இதை யோசிக்காமல் இருப்பதுதான் பொறுப்பின்மை.

அதனால் வெளிப்பூட்டின் சாவியையும் கிளவுட் கணக்கின் விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, ஈப்போவில் இருக்கும் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணினி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உறையைக் கையில் வாங்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம்யா. யார் வந்து கேட்டா கொடுக்கணும், அதை மட்டும் சொல்லு."

எந்த விரிவுரையாளரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன்: "அம்மாவோ அப்பாவோ நேர்ல வந்தா கொடுங்க அத்தை. போன்ல நானே கேட்டாலும் கொடுக்காதீங்க." அத்தை சிரித்தார். உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்தார்.

அங்கேதான் ஒன்று புரிந்தது. யாரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாட்டைக் கட்டுவதாக நினைத்து ஆரம்பித்தேன். அப்படி ஒன்று கிடையாது. எவ்வளவு பூட்டுப் போட்டாலும் கடைசிச் சாவியை ஒரு மனிதர் கையில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. யாரிடம் எதை, எவ்வளவு தூரம் நம்பிக் கொடுக்கிறோம் என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். முகம் தெரியாத நிறுவனத்திடம் பூட்டிய பெட்டி. முகம் தெரிந்த அத்தையிடம் அதன் சாவி. உள்பெட்டியின் சாவி அவரவர் மனதில்.

திரும்பி வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை முதலில் அனுமதி கேட்டேன். "உங்க பாஸ்வர்டு எல்லாம் பூட்டி வெளிநாட்டுல ஒரு நகல் வைக்கிறேன்பா. பரவாயில்லையா?" அப்பா டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வேணா வை. ஆனா எங்க வெச்சேன்னு சொல்லிட்டு வை."

அவருக்கு இடி விழுந்ததில் வருத்தமில்லை. அரை நாள் கூலி போனதுகூடப் பெரிதில்லை. தன் பொருள் எங்கே இருக்கிறது, போனால் என்ன வழி என்பது தனக்குத் தெரியாமல் இருந்ததுதான் அவர் வருத்தம். நான் பாதுகாப்பு என்ற பெயரில் குடும்பத்தையே என்னை நம்பி இருக்க வைத்திருந்தேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதை என் திறமை என்று வேறு நினைத்திருந்தேன்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர், தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் பல வகைக் காப்பு முறைகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், நம்பியவை கைகொடுக்கவில்லை. நகல் எடுக்கும் வேலை தோற்றதாகச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள்கூடப் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதைப் படித்தபோது என் மார்ச் மாதப் பென்டிரைவ் ஞாபகம் வந்தது. திரும்ப எடுத்துப் பார்க்காத நகலை நகல் என்று சொல்லக் கூடாது. அது வெறும் நம்பிக்கை.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, விடுதியில் என் மடிக்கணினியில் அந்தப் பெட்டியைக் கிளவுட்டிலிருந்து இறக்கி, திறந்து, எங்கள் காப்பகத்தைப் புதிதாக எழுப்பிப் பார்க்கிறேன். இருபது நிமிட வேலை. முடிந்ததும் அப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப்: "பார்த்துட்டேன்பா, சரியா இருக்கு." அவர் கட்டைவிரலைக் காட்டுவார்.

இதைப் படிக்கும் நண்பர்களே, உங்களில் பலர் வீட்டில் கணினி தெரிந்தவர் நீங்கள்தான். அம்மாவின் வங்கிச் செயலி, தாத்தாவின் கைப்பேசி, இயக்கத்தின் உறுப்பினர் பட்டியல், எல்லாம் "தம்பி பாத்துக்குவான், தங்கச்சி பாத்துக்குவா" என்று உங்கள் கைக்கு வந்திருக்கும். இன்று ராத்திரி உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால், அவர்கள் பொருள் அவர்கள் கைக்குத் திரும்பிப் போகுமா? பதில் உறுதியாக வரவில்லையென்றால், இந்த வாரமே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.