கடைக்கு வெளியே நாம் யார்?

சம்பளத்திற்கு வேலை செய்பவருக்கு ஓய்வு பெறும் வயது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மலேசியாவில் தனியார் துறை ஊழியரை வயதைக் காரணம் காட்டி 60-க்கு முன் ஓய்வில் அனுப்பக் கூடாது என்னும் சட்டம் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அவர் அந்தத் தேதியை முன்வைத்து நாட்களை எண்ணிக் கொண்டிருக்கிறார். வியாபாரிகளாகிய நமக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. நமக்கு ஓய்வு கொடுப்பது முழங்கால் வலி, அல்லது மங்கிய கண், அல்லது கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், அல்லது மலக்குல் மௌத். இவர்களில் எவரும் முன்கூட்டிக் கடிதம் எழுதுவதில்லை.

தேதி இல்லாத காரணத்தால் நம்மிடம் ஆயத்தமும் இல்லை. பணத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அதற்கு வழி உண்டு. 1951-ல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியில் சொந்தத் தொழில் செய்வோரும் தாமாக விரும்பிப் பணம் செலுத்தலாம். வீடும் மனையும் வாங்கிப் போட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. கல்லாவை விட்டு இறங்கிய மறுநாள், சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் நாம் எந்தப் பக்கம் திரும்புவோம்? யாரிடம் பேசுவோம்? நம்மைத் தேடி யார் வருவார்? இதற்கு விடையை அன்றைக்குத் தேட முடியாது. கடையில் இருக்கும்போதே, இடையிடையே கிடைக்கும் ஓய்வு நேரங்களில் தேடி வைக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

கடை நமக்குக் கொடுப்பது லாபம் மாத்திரமா? காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு பூட்டும் வரை எத்தனை பேர் நம்மிடம் பேசுகிறார்கள்! ஒருவர் "முதலாளி" என்கிறார். ஒருவர் "பாய்" என்கிறார். சீனர் "தவுக்கே" என்கிறார். மலாய்க்காரப் பெண்மணி பிள்ளைகளின் சுகத்தை விசாரிக்கிறார். இவற்றையெல்லாம் நாம் நமக்கே உரிய சொத்தென்று எண்ணி விடுகிறோம். உண்மையில் அந்த ஸலாமிலும் சிரிப்பிலும் பெரும்பகுதி நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு உரியது. நாளை அதில் வேறொருவர் அமர்ந்தால் அவருக்கு அவை போய்ச் சேரும். வாடிக்கையாளரை நன்றி கெட்டவர் என்று நோவதில் நியாயமில்லை. வியாபாரத்தின் இயல்பே அது. வாடிக்கையைச் சிநேகம் என்று வரவில் எழுதி வைத்தால், பேரேட்டை முடிக்கும் நாளில் குறை விழத்தான் செய்யும்.

இதை நமக்குக் காட்டிக் கொடுக்க ஒரு சோதனைக் காலம் வந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. மளிகைக் கடைகள் திறந்திருந்தன. ஜவுளிக் கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் அடைபட்டன. மே மாதம் 4-ம் தேதி நிபந்தனைகளோடு பல தொழில்கள் திறக்கும்வரை 47 நாட்கள். வாடகைக்கும் சம்பளத்திற்கும் என்ன செய்வது என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்ததை நாம் பார்த்தோம். மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதை அப்போதுதான் தெரிந்து கொண்டவர்கள் உண்டு. அடுப்படி வரையில் சென்று வெங்காயத்திற்கும் எண்ணெய்க்கும் கணக்குக் கேட்டு, மனைவியின் முகச் சுளிப்பைச் சம்பாதித்தவர்கள் உண்டு. அதே நாட்களில் வேறு சிலர் நாளுக்கு இரண்டு சிநேகிதரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள்; பேரப்பிள்ளை குர்ஆன் ஓதுவதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டார்கள். இந்த இரு சாராருக்கும் இடையே பணத்திலோ படிப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பின்னவர்களுக்குக் கடைக்கு வெளியே முன்பே ஓர் இடம் இருந்தது. அவ்வளவுதான்.

நிற்க. நம் முன்னோர்களுக்கு இந்தப் பழக்கம் ஒரு வகையில் வாய்த்திருந்தது. இரண்டு மூன்று வருடம் கடையில் உழைத்து விட்டு, பங்காளியையோ தம்பியையோ கல்லாவில் அமர்த்தி, பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவார்கள். அந்த வழியில் நெடுங்காலம் ஓடிய ரஜூலா கப்பல் 1973-ல் நின்றது. ஊரில் சில மாதங்கள் தங்குவார்கள். தாம் இல்லாமலும் கடை நடக்கும் என்பதை வருடக் கணக்கில் பார்த்துப் பழகினார்கள். கடையில்லாத மனிதராக நாலு பேர் நடுவில் உட்காரவும் பழகினார்கள். அதிலும் குறை இருந்தது. மனைவி மக்களுக்கு அவர்கள் வீட்டு மனிதராக இல்லாமல் விருந்தாளியாகவே இருந்தார்கள். இன்று குடும்பம் இங்கேயே இருக்கிறது. அந்தக் குறை நீங்கிற்று. ஆனால் நீண்ட ஓய்வும் அதனோடு போயிற்று. விமானத்தில் பத்து நாள் ஊருக்குச் சென்றாலும் ஒரு கல்யாணம், ஒரு துக்க விசாரணை, ஒரு பத்திரப் பதிவு என்று அது முடிந்து விடுகிறது.

நம்மிடம் வேலை செய்யும் பையனின் நிலையைப் பாருங்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி அவனுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு. வருடாந்தர விடுப்பு முதலில் 8 நாள். இரண்டு வருடமானால் 12 நாள். ஐந்து வருடமானால் 16 நாள். உழைத்த காலம் கூடக் கூட ஓய்வும் கூட வேண்டும் என்று சட்டம் கருதுகிறது. நாமோ வயது ஏற ஏறக் கடையில் அதிக நேரம் உட்காருகிறோம். பையனுக்கு நியாயமாகத் தோன்றுவது முதலாளிக்கு மாத்திரம் ஏன் அநியாயமாகத் தோன்ற வேண்டும்?

"கடையைப் பூட்டினால் வாடிக்கை போய்விடும்" என்று நாம் சொல்லும் காரணம் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கப்படுகிறோம். நாம் இல்லாமல் நடந்து விடுமோ என்பதே அந்தப் பயம். இந்தப் பயம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமை ஆசிரியர் பதவியில் இருந்தவர்கள். ஹிஜ்ரி 488-ல், அதாவது 1095-ல், அதை விட்டுப் புறப்படு முன் சுமார் ஆறு மாதம் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்ததாகவும், பாடம் சொல்ல நா எழாமற் போனதாகவும் அவர்களே எழுதி வைத்துள்ளார்கள். பிடித்து இழுத்தது பதவியும் புகழும். கடைசியில் குடும்பத்தின் ஜீவனத்திற்கு ஏற்பாடு செய்து விட்டு, பாடத்தைத் தம்பி அஹ்மதிடம் ஒப்படைத்துப் புறப்பட்டார்கள். சுமார் பதினொரு வருடம் கழித்து நிஷாப்பூரில் மறுபடியும் பாடம் சொன்னார்கள். எழுந்திருக்கத் தெரிந்தவருக்கே மறுபடி உட்காரவும் உரிமை உண்டு என்பதை இதிலிருந்து நான் விளங்கிக் கொள்கிறேன்.

அவர்களைப் போல் ஊரை விட்டுப் போக நமக்கு இயலாது, தேவையுமில்லை. நம் அளவுக்குச் சில காரியங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் வியாபாரத்தை நிறுத்துகிறோம். தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடுகிறோம். பக்கத்தில் தொழுதவரின் பெயரை எத்தனை வாரமாக அறியாமல் இருக்கிறோம்? பத்து நிமிடம் நின்று பேசினால் கடை மூழ்கி விடாது. பதினைந்து வருடம் அப்படி நின்றவருக்கு அறுபத்தைந்தாம் வயதில் தனிமை எளிதில் வராது.

அடுத்து, நாம் முதலாளியாக இல்லாத ஓர் இடத்தைத் தேடிக் கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அங்கே போய் அரிசிக்குப் பணம் கொடுப்பது எளிது. இன்னொருவர் சொற்படி கேட்டு அண்டாவைக் கழுவுவது கடினம். ஆனால் பிற்காலத்தில் நமக்கு உதவப் போவது அந்தக் கடினமான பாடமே. கட்டளையிட மட்டும் அறிந்தவரை, கட்டளையிட ஆள் இல்லாத நாளில் யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது காரியமே எல்லாவற்றிலும் கஷ்டமானது. வாரத்தில் அரை நாளாவது சாவியை மகனிடமோ நம்பிக்கையான ஆளிடமோ கொடுத்து விட்டுப் போக வேண்டும். போன பிறகு பத்து முறை தொலைபேசியில் அழைத்தால் அது ஓய்வாகாது. தூரத்திலிருந்து பார்க்கும் காவலாகும். அவன் தவறான சரக்கை எடுத்து நூறு வெள்ளி நஷ்டப்படுத்தினால், அதைப் பள்ளிக்கூடச் சம்பளமாகக் கருத வேண்டும். நாற்பது வயது மகனை வாடிக்கையாளர் முன்னால் திருத்தும் வாப்பா தம் கண்ணியத்தையும் குறைக்கிறார், அவன் கண்ணியத்தையும் குறைக்கிறார். யார் சொல்லைக் கேட்பது என்று அறியாமல் வேலையாட்களும் தவிக்கிறார்கள். அமானிதத்தை ஒப்படைப்பது என்றால் முழுமனதோடு ஒப்படைப்பதே.

"உழைக்கத் தெம்புள்ளவரை உழைப்பதில் என்ன பிழை?" என்று சகோதரர்கள் கேட்கலாம். பிழையே இல்லை. எழுபது வயதிலும் சந்தோஷமாகக் கடை நடத்துவோரை நான் மதிக்கிறேன். ஆனால் பிரியத்தால் உட்கார்ந்திருக்கிறோமா, போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோமா என்பதை எழுந்து பார்த்தவரே அறிவார். உதவிக்கு ஆளில்லாமல் தனியே சிறு கடை நடத்துபவர் வாரத்தில் அரை நாள் விட இயலாதென்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு அசருக்குப் பின் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் ஒரு மனிதரைப் பார்க்க வேண்டும்.

வரும் பெருநாளுக்கு நம்மில் பலர் கடையை இரண்டு மூன்று நாள் பூட்டுவோம். முதல் நாள் தொழுகையிலும் விருந்திலும் போய்விடும். கடைசி நாள் பிற்பகலில், சும்மா ஒரு முறை கதவைத் திறந்து பார்த்து வரலாமே என்று கால் துடிக்கும். அந்த நேரத்தில் கடைப் பக்கம் போகாமல், நம்மிடம் ஒரு காசுக்கும் சாமான் வாங்காத ஒருவரின் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லுவோம்.