“வலிக்கட்டும், பார்த்துக்கலாம்” என்கிறாயா?

பல் வலித்தால் ஓடுகிறாய். காது வலித்தால் ஓடுகிறாய்.

சிறுநீரகம்? அதில் கல் வந்தால் உன்னைக் கத்த வைக்கும். ஆனால் தேய்ந்து தேய்ந்து பாதிக்கு மேல் போனாலும் முனகக்கூடச் செய்யாது!

நீயோ அது முனகட்டும் என்று காத்திருக்கிறாய். எத்தனை வருஷம் காத்திருக்கப் போகிறாய்?

விலா எலும்புக்குக் கீழே, முதுகை ஒட்டி, உன் கைமுஷ்டி அளவில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள்.

ஒரு நாளைக்கு அவை வடிப்பது 180 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம்! அதில் வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மிச்சத்தை உன் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

என்றாவது லீவு கேட்டதுண்டா? வாய் திறக்காத வேலையாள் தலையில்தான் எல்லா மூட்டையையும் ஏற்றுவோம். அதைத்தானே நீயும் செய்கிறாய்?

மாலை ஆறரை மணி. மருந்துக்கடை வாசல். “அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க.”

கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டுகிறார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் மிச்சம். என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? நீ கேட்கவில்லை. டீயோடு விழுங்கிவிட்டுப் போகிறாய்.

ஒரு நாளா? இரண்டு நாளா? வருஷக்கணக்கில்!

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தையே குறைக்கக்கூடியவை. வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் அதைப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

இடுப்பு வலிக்கு மருத்துவரைப் பார்க்க நேரமில்லை என்கிறாய். அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்!

“எனக்குச் சர்க்கரை கொஞ்சம்தான்.”

கொஞ்சமா? சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இடம் சர்க்கரைக்கு. அடுத்த இடம் ரத்த அழுத்தத்துக்கு. இரண்டும் கைகோத்து வந்தால் அந்த மெல்லிய வடிகட்டிகள் என்ன ஆகும், யோசித்தாயா?

“தலையே சுத்தலையே, எனக்கு ஏது பிரஷர்?”

பிரஷர் உன்னிடம் சொல்லிவிட்டா வரும்? கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்!

2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் நடக்கிறது. பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். “அப்புறம் வாங்கம்மா” என்று திருப்பி அனுப்பிய வாய் யாருடையது?

இப்போது உன் சாப்பாட்டுத் தட்டைப் பார்.

குழம்பில் உப்பு. பொரியலில் உப்பு. மோரில் ஒரு சிட்டிகை. ஓரத்தில் ஊறுகாய், மேலே அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கருவாடு. நான்கு மணிக்கு மிக்சர்!

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரே ஒரு டீஸ்பூன்! மதியச் சாப்பாட்டிலேயே அதைத் தாண்டிவிட்டாயா, இல்லையா?

“நாங்க இந்துப்புதான் போடுறோம்.” அதுவும் சோடியம்தான்! பேர் மாறினால் குணம் மாறிவிடுமா?

“தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். அதான் குடிக்கிறதில்லை.”

தங்கையே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் கால் உன்னுடையது. ஆனால் குடிக்காமலும் அடக்கியும் காலம் தள்ளினால் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். அது மேலே ஏறினால் சிறுநீரகத்தையே தொடும்.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டமே வந்தது. நிற்கிறவர்கள் கேட்காமலா வந்தது? நாற்காலி கேட்ட வாய், கழிப்பறைக்குப் பத்து நிமிடமும் கேட்கட்டும்!

அடுத்தது பயம். “டெஸ்ட் எடுத்தா ஏதாவது வந்துடும்.”

டெஸ்டா நோயைக் கொண்டு வருகிறது? விளக்கைப் போட்டதால்தான் பாம்பு வந்தது என்பாயா?

இரண்டே பரிசோதனை. ரத்தத்தில் கிரியேட்டினின். சிறுநீரில் ஆல்புமின். கிரியேட்டினினை வைத்து இ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அது 60க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. பெரும்பாலும் டயாலிசிஸ் பேச்சு அங்கேதான் வரும்.

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். இன்று அரை மணி நேரம் இல்லை என்கிறவனே, அன்று வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எங்கிருந்து எடுப்பாய்?

“நானும் முயற்சி பண்ணினேன். முடியலை.”

எத்தனை முறை? இதைக் கேள்!

1943. ஜெர்மானியப் படை பிடித்திருந்த நெதர்லாந்து. வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், சாசேஜ் சுற்றுகிற செலோஃபேன் உறையை மர உருளையில் சுற்றி, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் செய்தார். நோயாளிகள் இறந்தார்கள். அடுத்தடுத்து இறந்தார்கள். அவர் இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை. 1945ல் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவிழந்த நிலையிலிருந்து கண் விழித்தார்!

நீ? மூன்று முறை சிகரெட்டை விட்டாய். நான்காம் நாள் பெட்டிக்கடையில் நின்றாய். அவ்வளவுதானே? நான்காவது முறை விடு! நடைப்பயிற்சி பத்து நாளில் நின்றுபோனதா? பதினோராம் நாள் செருப்பை மாட்டு!

“எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு. இனி என்ன?”

இனிதான் எல்லாம்! சர்க்கரையும் பிரஷரும் பிடிக்குள் வந்தால் நோயின் ஓட்டம் தணியும். எவ்வளவு தண்ணீர், இளநீர் ஆகுமா ஆகாதா என்பதை உன் மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம். டயாலிசிஸ் முடிந்து, கையில் பிளாஸ்திரியோடு கடை திறக்கப் போகிறவர்கள் உன் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைவிட நீ எதில் குறைந்துவிட்டாய்?

இன்றிரவே ஊறுகாய் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் ஏற்று. வெட்டி வாங்கிய மாத்திரைத் துண்டை மருத்துவரிடம் காட்ட எடுத்து வை. நாளை காலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நில்.

எங்கேயும் வலிக்கவில்லையே?

நல்லது. அதனால்தான் சொல்கிறேன், போ!