ஒருவரும் கணக்கில் உண்டு

மக்களை எண்ணுவது அறமாகுமா? தாவீது அரசர் தம் படைவலிமையை அறிய மக்களை எண்ணினார், அது பாவமாயிற்று. உவமையில் வரும் ஆயனும் தன் ஆடுகளை எண்ணினான். காணாமற்போன ஒன்றைத் தேடிப் புறப்பட்டான்.

2021-ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசிக்கு ஆலங்காயத்திலும் மக்கள் தயங்கி நின்றனர். அவ்வாண்டு மே மாதம், தடுப்பூசியின் பாதகங்களை ஆராயும் தேசியக் குழு, கோவிஷீல்டு பெற்றோரில் 26 பேருக்கு இரத்தம் உறைந்து நாளங்களை அடைத்திருக்கக்கூடும் எனக் கண்டது. பத்து இலட்சம் ஊசிகளுக்கு 0.61 என்பது கணக்கு. ஊசி போட்ட 20 நாள்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால்வீக்கம் தோன்றினால் தெரிவிக்குமாறு அரசும் அறிவுறுத்தியது.

எண்ணற்ற உயிர்களைக் காக்கும் ஊசியைப் பற்றி, ஏற்கெனவே தயங்கும் மக்களிடம் இதைச் சொல்லலாமா? பலருக்காக ஒருவரை இழக்கலாம் என்பது கயபாவின் கணக்கு. உண்மையை மறைத்திருந்தால், வீங்கிய காலோடு ஒரு தாய் வீட்டிலேயே முடங்கியிருப்பார். உரிய காலத்தில் மருத்துவரை நாடும் வாய்ப்பை நாம் அவரிடமிருந்து பறித்தவர்களாவோம். 0.61 மனிதர் என எவரும் இலர். நோயுறுபவர் ஒரு முழு மனிதர்.

தம் நோவைச் சொல்லாதவர் எக்கணக்கிலும் வாரார். ஆகவே, அன்பு வாசகரே, அண்டை வீட்டாரின் நலம் கேட்போம்; தேவையெனில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.